பதினெட்டுப் பேர் குடியிருக்கும் வீடு

பெர்மெத்தின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூடம்தான் தெரியும். நாலு மாடி இறங்கி, முற்றத்தைக் கடந்து, பாப்லர் மரத்தைத் தாண்டினால் பள்ளியின் கேட். அய்பெரி பிறந்த நாளிலிருந்து அந்தப் பள்ளி மணியில்தான் கண் விழிக்கிறாள். எத்தனை மணிக்கு இடைவேளை, எந்த ஆசிரியை மாடிப்படியில் நின்று கத்துவார், எந்த வகுப்பு ஜன்னலில் கண்ணாடி உடைந்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஏழு வயது முடியப்போகிறது. வரும் செப்டம்பரில் அந்த கேட்டுக்குள் போய்விடுவோம் என்பதில் அவளுக்கும் சந்தேகமில்லை, அவள் அம்மாவுக்கும் இல்லை.

பிஷ்கெக்கில் இந்தப் பள்ளிக்காகப் பெற்றவர்கள் படும் பாட்டைப் பெர்மெத் வருஷா வருஷம் ஜன்னலில் நின்று பார்த்து, உள்ளுக்குள் கொஞ்சம் சிரித்தும் இருக்கிறாள். நகரத்தைச் சுற்றிப் புதுக் குடியிருப்புகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. வீடு கட்டியவர்கள் பள்ளிக்கூடம் கட்ட மறந்துவிட்டார்கள். அங்கேயிருக்கும் ஒன்றிரண்டு பள்ளியில் மூன்று ஷிப்டு. மூன்றாவது ஷிப்டில் விழுந்த பிள்ளை இருட்டிய பிறகு வீடு வரும். அதனால் எல்லோருக்கும் நகரத்துக்குள் ஒரு முகவரி வேண்டும். எந்த முகவரியில் பிள்ளையின் பெயர் பதிவாகியிருக்கிறதோ அந்த வட்டாரத்துப் பள்ளிதான் கிடைக்கும். இதில் நமக்கென்ன கவலை, நாம் எதிர்வீட்டுக்காரர்கள் என்று பெர்மெத் இருந்துவிட்டாள்.

ஆனாலும் அவள் அசட்டையாக இருக்கவில்லை. தையல் கூடத்தில் பள்ளிச் சட்டைக்குக் காலர் தைப்பவள் அவள். ஒரு தையல் பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைக்கிற ஆள். மார்ச் மாதமே தடுப்பூசி அட்டை, பல் டாக்டர் சீட்டு, காது டாக்டர் சீட்டு, போட்டோ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டாள். ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இணையத்தில் சேர்க்கை திறக்கும் என்றார்கள். கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஏழே முக்காலுக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எட்டு அடித்தது. பிள்ளையின் அடையாள எண்ணைப் போட்டாள். வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. எட்டு இருபதுக்குப் பச்சை நிறத்தில் ஒரு செய்தி வந்தது. "வாழ்த்துகள்! உங்கள் குழந்தைக்கு உரிய பள்ளியில் இடம் உள்ளது." அதன் கீழே பள்ளியின் பெயர். அதற்கும் கீழே, அத்பாஷி மாவட்டம், இன்ன கிராமம்.

பெர்மெத் ஜன்னலைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். அத்பாஷி என்பது இரண்டு கணவாய் ஏறி இறங்கி, ஒரு முழுப் பகல் வண்டியில் குலுங்கிப் போய்ச் சேர வேண்டிய இடம். அவள் மாமனார் ஊர்.

"ஏங்க, இங்க வாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவள் கணவன் உலார்பெக் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தான். எலக்ட்ரீஷியன். ஊரில் யார் வீட்டில் விளக்கு எரியவில்லை என்றாலும் ஓடுவான். தன் வீட்டுக் குளியலறை ஸ்விட்சை மட்டும், கம்பி எட்டவில்லை என்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வாசற்பக்கம் கோட்டுகள் தொங்குகிற அலமாரிக்குள் வைத்தான், இன்றுவரை மாற்றவில்லை. வருகிற விருந்தாளி எல்லாம் இருட்டில் தடவிக்கொண்டு கத்துவார்கள்.

"அத்பாஷியா?" என்றான் போனைப் பார்த்து. "எங்க ஊர்ப் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்தான். நான் படிச்சதுதானே."

"அதான் தெரியுதே லட்சணம். என் பிள்ளை எப்படிங்க அங்க போனா?"

உலார்பெக் நுரையைத் துடைத்தான். அவன் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இழுக்கும்போது காதைச் சொறிவான். இப்போது இரண்டு காதையும் சொறிந்தான்.

"அது வந்து... அவ பொறந்தப்ப அப்பா சொன்னாரு இல்ல, ஊர்ல நிலம் பிரிக்கப் போறாங்க, தலைக்கு இவ்வளவுன்னு குடுப்பாங்க, பேத்தி பேரை இங்க பதிஞ்சுடுன்னு."

"நிலம் குடுத்தாங்களா?"

"இன்னும் பிரிக்கல."

"ஏழு வருஷமாவா?"

"பேச்சு நடந்துட்டிருக்கு."

இந்த ஏழு வருஷத்தில் ஒரு இடத்திலும் இது தெரியவராமல் போனதுதான் ஆச்சரியம். தடுப்பூசி போட்ட நர்ஸ் தெரிந்தவள், பேப்பர் கேட்கவில்லை. அரசாங்க மழலையர் பள்ளியில் வரிசை அனுமார் வால்போல நீண்டிருந்ததால் அடுத்த மாடியில் ஒரு அம்மாளிடம் விட்டு வளர்த்தாயிற்று. பிள்ளை கண்ணெதிரே வளர்ந்தது. காகிதத்தில் மட்டும் மலைமேல் இருந்தது.

மாற்றிவிட்டால் போயிற்று என்று அவனை இழுத்துக்கொண்டு அன்றைக்கே பொதுச் சேவை மையத்துக்குப் போனாள். டோக்கன் எடுத்து இரண்டரை மணி நேரம். ஒன்பதாம் ஜன்னலில் இருந்த பெண், நகத்துக்குப் பூசிய சாயம் காய்ந்ததா என்று பார்த்துக்கொண்டே கணினியைத் தட்டினாள்.

"உங்க வீட்ல இதுக்கு மேல ஆள் சேர்க்க முடியாது. ரெண்டு ரூம்ல பதினெட்டுப் பேர் இருக்கீங்க."

"எத்தனை பேரு?"

"பதினெட்டு. அதுவும் உங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துலேர்ந்து இந்த முகவரிய சந்தேகப் பட்டியல்ல போட்டிருக்காங்க. பள்ளிக்கூடத்து விசாரணைக் கமிஷன் வந்து பார்த்து எழுதிக் குடுத்தாத்தான் இனிமே எதுவும் செய்ய முடியும்."

"அந்தப் பதினெட்டுல என் மக இல்லையாம்மா?"

"உங்க மக அத்பாஷில இருக்காளே." பட்டியலை அச்செடுத்து நீட்டிவிட்டு அந்தப் பெண் அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

மையத்தின் வாசலில், பேருந்துகள் புகை விட்டுக்கொண்டு போகிற இடத்தில் நின்று பெர்மெத் பட்டியலைப் படித்தாள். முதலில் உலார்பெக். அடுத்து அவள். பிறகு வரிசையாகப் பதினாறு பெயர். உலார்பெக்கின் அண்ணன் பிள்ளைகள், பெரியப்பா பேரன்கள், படையில் கூட இருந்தவனின் மகள், யாரென்றே தெரியாத இரண்டு பேர். அத்தனை பேரைப் பெற்றவர்களும் இந்த ஏழு வருஷத்தில் ஒருவர் பின் ஒருவராக அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள். "நேரமில்ல, ரொட்டியை வாய்ல வச்சுட்டுக் கிளம்பறோம்" என்பார்கள். வாசலுக்கு வந்தவர் ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போடாமல் போகக்கூடாது, போக விடவும் கூடாது. வாயில் வைத்த பிறகு உட்காருவார்கள். உட்கார்ந்த பிறகு தேநீர். மூன்றாவது கிண்ணம் தேநீரில் விஷயம் வெளியே வரும். முகவரிப் பதிவுக்கு ஒரு முத்திரைதானே, நீங்க பள்ளிக்கு எதிர்ல இருக்கீங்க, உங்களுக்கென்ன நஷ்டம். தன் ரொட்டியைத் தின்றவனிடம் உலார்பெக்குக்கு இல்லை என்ற சொல்லே வராது. ரொட்டி தின்னாதவனிடமும் வராது, அது வேறு விஷயம்.

"படையில உங்ககூட இருந்தவனோட மக நம்ம வீட்ல குடியிருக்கா. நம்ம மக மட்டும் இல்ல. ஊர்ல ஒருத்தனாவது இப்படிச் செய்வானா? வீட்டுக்காரனா நீங்க, இல்ல சத்திரக்காரனா?"

"கத்தாத பெர்மெத், எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்! அவங்களும் நம்ம வீட்லதான் குடியிருக்காங்களோ என்னவோ!"

கத்துகிறபோது பட்டியலை அவன் முகத்துக்கு நேரே ஆட்டினாள். ஆட்டிய கையின் கட்டைவிரல் மூன்றாவது பெயரை அழுத்தமாக மூடியிருந்தது. விரலை எடுக்கவேயில்லை. ஏனென்றால் மூன்றாவது பெயர் மீரிம். பெர்மெத்தின் கூடப் பிறந்த தங்கை நூர்சாத்தின் மகள். அய்பெரி பிறந்து மூன்று வாரம் கழித்துப் பிறந்தவள். அவள் பெயரைப் பதிவு செய்யச் சொன்னது உலார்பெக் இல்லை. பெர்மெத்தேதான் ரொட்டியும் தேநீரும் கொடுத்து அவனைச் சம்மதிக்க வைத்துக் கையெழுத்து வாங்கினாள். அதைப் பார்த்துத்தான் அவன் ஆட்கள், மச்சினி பிள்ளைக்கு உண்டு, எங்களுக்கு இல்லையா என்று கிளம்பினார்கள். கதவைத் திறந்துவிட்டவள் அவள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தம்.

மறுநாள் பள்ளிக்குப் போனாள். துணைத் தலைமை ஆசிரியை நினா பாவ்லோவ்னா அறுபதைத் தாண்டியவர். சேர்க்கை மாதத்தில் அவர் குரல் பாதி போய்விடும். மேசைமேல் கோப்புகள், சாக்லேட் பெட்டிகள், யாரோ கொண்டுவந்து வைத்து அவர் திருப்பிக் கொடுக்க மறந்த ஒரு ஜாடி ராஸ்பெர்ரி ஜாம்.

"எதிர்வீடு," என்றாள் பெர்மெத். "அந்த நீலத் திரை போட்ட ஜன்னல் எங்களுதுதான். தினமும் பார்க்கறீங்களே."

"ஜன்னலைப் பார்த்து நான் பிள்ளைகளைச் சேர்க்க முடியாதும்மா. போன வருஷம் ஒரு வீட்டுக்குப் போனேன். இருபத்திரண்டு பேர் பதிவு. கதவைத் திறந்தா அது சைக்கிள் வைக்கிற கொட்டகை." அவர் ஒரு தாளைப் புரட்டினார். "உங்க முகவரிலேர்ந்து இந்த வருஷம் மூணு பேர் மனு போட்டிருக்காங்க. மூணுல ஒண்ணு உண்மையா இருந்தாலும் இருக்கும். எனக்கு மிச்சம் இருக்கறது ஒரு இடம். ஒரு இடம்னா நிஜமாவே ஒரு நாற்காலி. நாற்பத்தாறு பிள்ளைங்க ஏற்கெனவே இருக்கு, அறைக்குள்ள நாற்பத்தேழாவது நாற்காலிக்கு மேல நுழையாது. சனிக்கிழமை பத்து மணிக்கு வரேன். யார் நிஜமா அங்க இருக்காங்களோ அவங்களுக்கு எழுதிக் குடுக்கறேன். உங்க மக பேரும் அப்ப எழுதலாம்."

பெர்மெத் அன்றிரவு கணவனிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "சனிக்கிழமை விஷயத்தை யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

உலார்பெக் மூச்சு விடவில்லைதான். அண்ணிக்குப் போன் மட்டும் செய்தான். அண்ணி கலிபாவின் கடைசி மகன் பெக்தென் இந்த வருஷம் மனு போட்ட மூவரில் ஒருவன். அவளுக்குச் சொல்லாமல் இருப்பது முறையில்லை என்று அவனுக்குத் தோன்றியதாம். கலிபாவுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் வானொலிக்கே வேலையில்லை.

சனிக்கிழமை காலை எட்டரைக்கே கதவு தட்டப்பட்டது. கலிபா தலைமேல் ஒரு மெத்தையும், கக்கத்தில் பெக்தெனுமாக நின்றாள். பின்னால் படியெங்கும் ஆட்கள், இந்த வருஷம் மனு போடாதவர்கள்கூட, பட்டியலிலிருந்து பெயர் போய்விடக்கூடாதே என்று. ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளை, தலையணை, பல் தேய்க்கும் பிரஷ், செருப்பு எல்லாம் கொண்டுவந்திருந்தது. ஒருவன் ஆட்டுத் தொடையும் கொண்டுவந்திருந்தான், விருந்து வீடு என்று நினைத்தானோ என்னவோ.

"என்னக்கா இது?" என்றாள் பெர்மெத்.

"குடியிருக்க வந்திருக்கோம்டி. ஒரு நாளைக்குத்தான். நகரு, மெத்தை விழுது."

"அக்கா, எங்க பொண்ணுக்கே இடம் இல்லாம போகப்போகுது, உங்களுக்குத் தெரியுமா?"

"உனக்கென்னடி, எதிர்வீடு. ஜன்னல்லேர்ந்து எட்டிக் குதிச்சாக்கூடப் பள்ளிக்கூடத்துலதான் விழுவா. நாங்க எங்கேர்ந்து குதிக்கறது?"

உலார்பெக் ஒவ்வொருவருக்கும் ரொட்டித் தட்டை நீட்டிக்கொண்டு, "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று வழி விட்டுக்கொண்டிருந்தான். பெர்மெத்துக்கு அந்தத் தட்டைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. குளியலறைக் குவளையில் பதினொரு பிரஷ் நின்றது. அய்பெரியின் பிரஷ் அதில் எது என்று தெரியவில்லை. பிள்ளைகள் ஒரு மூலையில் உட்கார்ந்து, "நான் இந்த வீட்ல இருக்கேன், அந்தச் சுவரோரம் படுத்துக்குவேன்" என்று ஒப்பித்துக்கொண்டிருந்தன. ஒரே சுவரோரம் ஐந்து பிள்ளை படுத்துக்கொண்டது.

கடைசியாக நூர்சாத் வந்தாள். மெத்தையில்லை, பிரஷ் இல்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சந்தையில் காலுறை விற்கிறவள். கணவன் ரஷ்யாவில் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது, குரல் மட்டும் வரும். அவர்கள் குடியிருப்புப் பள்ளியில் முதல் வகுப்புக்கே மூன்றாவது ஷிப்டுதான் மிச்சம். பிள்ளை வீடு திரும்பும் நேரத்தில் நூர்சாத் சந்தையில் கடை கட்டிக்கொண்டிருப்பாள். இந்தப் பள்ளியில் சேர்ந்தால் மீரிம் பள்ளி விட்டதும் பெரியம்மா வீட்டுக்கு வந்துவிடலாம், மாலையில் அம்மா வந்து கூட்டிப் போவாள். இரண்டு பேரும் இரண்டு வருஷமாகப் பேசி வைத்த ஏற்பாடு அது.

"அக்கா, நான் போய்ட்டு அப்புறம் வரவா?" என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

"உள்ள வா," என்றாள் பெர்மெத். வேறென்ன சொல்வாள்.

பத்து மணிக்கு நினா பாவ்லோவ்னா வந்தார். நாலு மாடி ஏறிய மூச்சு வாங்கியது. வாசலில் நின்று உள்ளே பார்த்தார். "முதல்ல கையைக் கழுவிக்கறேன்" என்று குளியலறைக்குப் போனார். உள்ளே இருட்டு. சுவரைத் தடவினார். வெளியே தடவினார்.

"இந்த வீட்ல விளக்கு எங்க போடறது?" என்று உள்ளிருந்து கேட்டார்.

வந்திருந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. பெக்தென் தைரியசாலி, எழுந்து போய்ச் சமையலறை விளக்கைப் போட்டான். இன்னொருவன் மணியை அழுத்தினான். கலிபா பல்லைக் கடித்துக்கொண்டு, "போடுடா, தினமும் போடறதுதானே" என்றாள்.

அப்போது இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓடினார்கள். அய்பெரியும் மீரிமும். முண்டியடித்துக்கொண்டு கோட்டுகளுக்குள் கையை விட்டார்கள். விளக்கு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து விளையாடுகிற மீரிமுக்கு அந்த ஸ்விட்ச் தெரியாமல் இருக்குமா.

நினா பாவ்லோவ்னா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். உட்காரவில்லை. பட்டியலை விரித்தார்.

"எல்லாரும் மெத்தையைச் சுருட்டிக்கலாம்," என்றார். "இந்த வீட்ல இருக்கிற பிள்ளைங்க யாருன்னு பார்த்தாச்சு. உன் பேரென்ன கண்ணு?"

"மீரிம்."

"இருக்கு. மனுவும் போட்டிருக்கு. நீ?"

"அய்பெரி. நீங்க அந்த உடைஞ்ச கண்ணாடியை எப்ப மாத்துவீங்க?"

"அய்பெரி..." நினா பாவ்லோவ்னாவின் விரல் மேலிருந்து கீழே வந்தது. மறுபடி மேலே போனது. அவர் பெர்மெத்தை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே அன்னைக்கு வந்தது? இது உங்க மக. அப்ப இந்த மீரிம் யாரு? நான் ஒருத்திக்குத்தான் எழுத முடியும். நான் சொன்னேன் இல்லையா, ஒரு நாற்காலி. பதிவுல இருக்கற பிள்ளை மீரிம். விளக்கும் போட்டுட்டா. இவ இங்க இல்லன்னு யாராவது சொன்னாலொழிய இடம் இவளுக்குத்தான் போகும்."

மெத்தை சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் பெர்மெத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பார்த்தீங்களா," என்றாள் கலிபா மெத்தையைக் கட்டிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல். "தங்கச்சி பிள்ளைக்கு மட்டும் விளக்கு எரியுது. எங்க பிள்ளைக்கு இருட்டு."

பெர்மெத் கணவனைப் பார்த்தாள். அவன் இரண்டு காதையும் சொறிந்துகொண்டிருந்தான். வீடு அவன் பேரில். கேள்வி அவனுக்கும்தான். ஆனால் அவன் வாயிலிருந்து இல்லை என்ற சொல் வராது என்று அவளுக்குத் தெரியும். அதற்காக அவனை எத்தனை தடவை திட்டியிருக்கிறாள். இப்போது அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் நின்றாள். அவள் நாக்கும் எழவில்லை. கோபம் கோபமாக வந்தது. பள்ளிக்கூடம் கட்டாதவர்கள்மேல், அந்தப் பாழாய்ப்போன நிலத்தின்மேல், அலமாரிக்குள் இருந்த ஸ்விட்சின்மேல், எல்லாவற்றுக்கும் மேல் ஏழு வருஷத்துக்கு முன்னால் பெருந்தன்மையாகக் கையெழுத்து வாங்கிய அந்த அக்காவின்மேல்.

நூர்சாத் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ என் தங்கச்சி மக," என்றாள் பெர்மெத். தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று தோன்றி, மறுபடி சத்தமாகச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை வருவா. இங்க இருக்கறதில்ல. இங்க இருக்கறது என் பொண்ணு ஒருத்திதான்."

நினா பாவ்லோவ்னா எழுதினார். கையெழுத்து வாங்கினார். உலார்பெக் நீட்டிய ரொட்டியைப் பார்த்து, "கமிஷனுக்கு வந்த இடத்துல நான் எதுவும் சாப்பிடறதில்ல" என்று சொல்லிவிட்டு, வாசல் வரை போனவர், திரும்பி வந்து ஒரு சின்னத் துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு இறங்கினார். முப்பது வருஷம் இந்த ஊரில் வேலை பார்த்தவர்.

நூர்சாத் ரொட்டியைத் தொடவில்லை. மகளின் செருப்பைத் தேடி எடுத்து, குனிந்து, காலில் மாட்டிவிட்டாள். "நான் விளக்குப் போட்டேனேம்மா, முதல்ல நான்தான் போட்டேன்" என்று மீரிம் சொல்லிக்கொண்டே போனது மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டது.

மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாமல் இல்லை. ஆனால் உறவுக்காரர்கள் கோபத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மே மாதம் கலிபா வீட்டில் மின்சாரம் போனதும் உலார்பெக்குக்குப் போன் வந்துவிட்டது. பெக்தெனுக்கு வேறொரு பள்ளிக்கு எதிரே வேறொரு மச்சான் கிடைத்தானாம். ஒவ்வொரு பெயராகப் பட்டியலிலிருந்து குறைந்தது. ஜூனில் ஒன்பதாம் ஜன்னல் பெண் அய்பெரியின் பெயரை அந்த வீட்டில் ஏற்றிக் கொடுத்தாள். நூர்சாத்துக்குப் போட்ட போன் மட்டும் மணி அடித்து அடித்து நின்றது.

செப்டம்பர் முதல் தேதி அய்பெரி இரண்டு சடையிலும் வெள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டு அந்த கேட்டுக்குள் போனாள். நாற்பத்தேழாவது நாற்காலி கதவுக்குப் பின்னால் கிடந்தது. யார் கதவைத் திறந்தாலும் எழுந்து நிற்க வேண்டும். அதைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா ஜன்னலில் நின்று பார்த்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று உலார்பெக் நினைத்துக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெர்மெத் மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு சிற்றுந்து மாறி நூர்சாத் வீட்டுக்குப் போனாள். தான் தைத்த காலர் வைத்த வெள்ளைச் சட்டை ஒன்றை மீரிமுக்காகப் பையில் வைத்திருந்தாள். புதுக் குடியிருப்பின் தெருவில் புழுதி கணுக்கால் வரை. கதவைத் தட்டினாள்.

நூர்சாத் திறந்தாள். அக்காவைப் பார்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ரொட்டித் தட்டு இருந்தது. வாசலை மறித்துக்கொண்டு நின்று தட்டை நீட்டினாள்.

"எடுத்துக்கோக்கா. உனக்கு நேரம் இருக்காது."

"நேரம் இருக்கு. அதுக்குத்தானே வந்தேன்."

"உள்ள வரணும்னா இங்க குடியிருக்கேன்னு சான்று கொண்டு வந்திருக்கியா?"

"நூர்சாத், விளையாடாத. என்னை என்ன பண்ணச் சொல்றே? சொல்லு. அந்த இடத்துல நீ இருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"நீ சொன்னதையேதான் சொல்லியிருப்பேன்," என்றாள் நூர்சாத். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை, தட்டு இருந்தது. "அதான் எரிச்சலா இருக்கு."

உள்ளிருந்து மீரிமின் தலை எட்டிப் பார்த்தது. அய்பெரி அம்மாவின் கையை உதறிவிட்டு, சித்தியின் கைக்குக் கீழே புகுந்து உள்ளே ஓடினாள். அவளை யாரும் தடுக்கவில்லை. உள்ளே இரண்டும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

பெர்மெத் ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். பழைய ரொட்டி, கெட்டியாக இருந்தது. மெதுவாக மென்றாள். வாயில் ரொட்டி இருக்கிறவரைக்கும் போ என்று சொல்ல முடியாது, கதவைச் சாத்தவும் முடியாது. நூர்சாத் தட்டை நீட்டியபடியே நின்றாள். பெர்மெத் இன்னொரு துண்டு பிய்த்தாள்.